விறகு போன வழி

ஒரு காலத்தில் சென்னை முழுக்க விறகுத் தொட்டிகள். அங்கே எடை போட்டு விற்ற சவுக்குக் கட்டைகளில் கணிசமானவை ஸ்ரீஹரிகோட்டா தீவில் வெட்டி, பழவேற்காடு ஏரியைக் கடந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே படகில் வந்தவை. பேசில் கோக்ரேன் 1806-ல் எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் பிறகு ஏரி வரை நீண்டது. ஆளுநர் பக்கிங்ஹாம் பெயரைச் சூடியது 1878-ல். நகரத்தின் சோறு வெந்தது இந்த வழியாகத்தான்.

ஏரிக்கரைக் குப்பங்களில் எரிந்தது வேறு: சவுக்குச் சருகு, பனை மட்டை, தென்னம்பாளை, வேலிகாத்தான். சருகு குப்பென்று பிடித்து நொடியில் அணையும். உலை கொதிக்கும்வரை ஒரு கை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பை விட்டு நகர முடியாது. வேலிகாத்தான் நின்று எரியும். ஆனால் வெட்டி, முள் கழித்து, தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் நனைந்துவிட்டால் புகைதான் மிச்சம்.

இந்த வேலை பெண்கள் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. மீன்பிடிப் பங்கிலோ அவர்களுக்கு இடமில்லை.

ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மீனவ ஊர்களின் 'பாடு' முறை ஆய்வாளர்கள் வியந்து எழுதிய ஒன்று. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள், சண்டை குறைவு. ஆனால் பங்கு தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் ஆண். மீனைக் கூடையில் சுமந்து விற்றுக் காசாக்குபவள் அந்தக் கணக்கில் இல்லை. பாடே இல்லாத இருளர் பெண்கள் பாடு இன்னும் மோசம். ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவிப் பிடிப்பார்கள். கரையேறிய பிறகுதான் சுள்ளி பொறுக்க வேண்டும்.

அரசும் எரிபொருளை முதலில் படகில்தான் பார்த்தது என்பேன். வெளிப்பொருத்து எஞ்சின் வந்ததும் மீனவர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் கிடைத்தது. அடுப்புக்கு ரேஷன் வரிசை. தெற்கே அத்திப்பட்டில் 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சாம்பலும் வெந்நீரும் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போயின. விறகைப் போலவே மின்சாரமும் பெரும்பாலும் நகரத்துக்குப் போனது.

அடுப்பங்கரை அரசின் கண்ணில் பட்டது தாமதமாகத்தான். 2006-ல் அமைந்த திமுக ஆட்சி இலவச எரிவாயு அடுப்பு தந்தது. மத்திய அரசின் உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டம் 2016-ல் வந்தது. இணைப்பு பெண்ணின் பெயரில். இது நல்ல மாற்றம், மறுப்பதற்கில்லை. சிக்கல் மறுசிலிண்டரில். திருப்பாலைவனம் தாண்டிப் பழவேற்காடு வரையுள்ள ஏரிக்கரை வீடுகளில் காசு அன்றன்றைக்கு வருவது. முகத்துவாரம் மணல் மூடினால் அதுவும் குறையும். 14.2 கிலோ சிலிண்டருக்கு மொத்தப் பணத்தை ஒரே நாளில் எடுத்துவைப்பது யாரால் முடியும்? உஜ்வலாவிலேயே 5 கிலோ சிலிண்டருக்கு வழியிருக்கிறது. அதைக் குப்பத்து ரேஷன் கடையிலேயே, மீன் விற்ற காசுக்குக் கிடைக்கும்படி செய்தால் போதும்.