கொள்ளிடக் கீழணையும் உல்லம் மீனின் வலசையும்

இல்சா எனப்படும் உல்லம், கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக வெள்ளக்காலத்தில் ஆற்றை எதிர்த்து மேலேறும் மீனாகும். ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த கீழணை, பாசனத்திற்கு நீரைத் திருப்பியது. உல்லத்தின் வழியை மறித்தது. அணைகள் மீன்வளத்திற்கு விளைவிக்கும் கேட்டினைப் பிரான்சிஸ் டே 1873-ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துரைத்தார். கீழணையில் அமைந்த மீன்வழி உல்லத்திற்குப் பயன்படவில்லை. சால்மன் போலத் தாவியேறும் இயல்பு அதற்கில்லை.

1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணை, காவிரியின் வெள்ளத்தையே தேக்கியது. ஆகவே முதல் தடை சுவர்; இரண்டாவது, வெள்ளத்தின் இன்மை. மீன்வழி முன்னதற்கே மாற்றாகக்கூடும், பின்னதற்கு ஆகாது. காவிரிப் பாசன வரலாறு விளைநிலக் கணக்கோடு முடிவதன்று. ஆற்று மீனவரின் இழப்பும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.