காட்டேரிக்கு ஓநாய் காவல்

போன வாரம் ஊருக்குப் போறப்போ பஸ்ல படிக்க ஒரு இங்கிலீஷ் நாவல் கிடைச்சுது. கூட வேலை பார்க்கிற தோழி "செமயா இருக்கும், படிச்சுப் பாரு"ன்னு குடுத்தது. ஒரு பெரிய பங்களா நிறைய ரத்தக்காட்டேரிங்க. எல்லாரும் அழகு, எல்லாரும் பணக்காரங்க. பகல்ல தூங்குவாங்க. தூங்குறப்போ காவலுக்கு ஓநாய் மனுஷங்க கூட்டம் ஒண்ணு. காவல்காரனுக்கும் காட்டேரி வீட்டுப் பொண்ணுக்கும் காதல். அப்புறம் குலப்பகை, பழைய சாபம், மழையில முத்தம். நம்ம பண்ணையார் பொண்ணு - வேலைக்காரன் கதைதான், பல்லு மட்டும் கொஞ்சம் நீளம் :-)

பொழுது நல்லாத்தான் போச்சு. ஆனா முடிச்சதும் ஒரு சந்தேகம். காட்டேரியை முதலாளி ஆக்கி, ஓநாயை வாட்ச்மேன் ஆக்கினது யாரு? ஆரம்பத்துலயே இப்படித்தானா? தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதுல வந்தது காதல் கதை இல்லைங்க.

முதல் ஆச்சரியம். செர்பியா பக்கத்துல 'வுகோட்லாக்'னு ஒரு சொல் உண்டு. வுக்னா ஓநாய், ட்லாகான்னா உரோமம். அப்போ ஓநாய் மனுஷன்னுதானே அர்த்தம் வரணும்? ஆனா அந்த ஊர்க்காரங்க அந்தச் சொல்லால சொன்னது, கல்லறையில இருந்து எழுந்து வர்ற பிணத்தை. அதாவது காட்டேரியை. நாவல்ல முதலாளி, காவல்காரன்னு பிரிஞ்சு நிக்கிற ரெண்டு பேருக்கும் அங்கே ஒரே பேரு!

'வாம்பயர்'ங்கிற சொல்லும் அங்கேயிருந்துதான் உலகத்துக்குப் போச்சு. 1718ல துருக்கியர்கிட்ட இருந்து செர்பியாவோட வடக்குப் பகுதி ஆஸ்திரியா கைக்கு வருது. புது அதிகாரிங்க வர்றாங்க, கூடவே ரிப்போர்ட் எழுதுற பழக்கமும் வருது. 1725ல கிசில்யெவோங்கிற கிராமத்துல பீட்டர் பிளகோயெவிச்னு ஒரு விவசாயி சாகிறார். அவர் செத்த சில வாரத்துல, எட்டே நாள்ல 9 பேர் சாகிறாங்க. ராத்திரி பீட்டர் வந்து மேல ஏறி அமுக்கினதா அவங்க சொல்றாங்க. அவரோட மனைவி சொன்னதுதான் எனக்கு மறக்கல. புருஷன் வந்து தன்னோட செருப்பைக் கேட்டாராம். அந்தம்மா ஊரையே விட்டுப் போயிட்டாங்க.

கல்லறையைத் திறக்கணும், இல்லேன்னா ஊரைக் காலி பண்றோம்னு ஜனங்க ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. ஃப்ரோம்பால்ட்னு ஒரு அதிகாரி வேற வழியில்லாம பாதிரியாரைக் கூட்டிக்கிட்டுப் போறார். உடம்பு அழுகலை, வாயில ரத்தம். ஊர்க்காரங்க நெஞ்சுல முளை அடிச்சு எரிச்சுட்டாங்க. ஃப்ரோம்பால்ட் மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதுறார். கடைசியில, இதுல தப்பு ஏதாவது இருந்தா என்னைச் சொல்லாதீங்க, பயத்துல புத்தி கெட்ட ஜனங்களைச் சொல்லுங்கங்கிற மாதிரி முடிக்கிறார். மேனேஜருக்கு சிசி போட்டுத் தப்பிக்கிற மெயில் அப்பவே இருந்திருக்கு!

அடுத்தது மெத்வெஜா கிராமம். அங்கே 3 மாசத்துல 17 பேர் செத்துப் போறாங்க. 1732 ஜனவரியில ஃப்ளூக்கிங்கர்னு ஒரு ராணுவ டாக்டரை அனுப்புறாங்க. அவர் வரிசையா கல்லறைகளைத் திறந்து, ஒவ்வொரு உடம்பையும் பார்த்துக் குறிப்பு எழுதுறார். ஸ்தானா, 20 வயசு, பிரசவத்துல செத்து ரெண்டு மாசம். மிலிட்சா, 60 வயசுப் பாட்டி, உசிரோட இருந்தப்போ ஒல்லி, குழியில பார்த்தா பூசினாப்புல இருக்காங்க. பொறந்து எட்டே நாள்ல செத்த ஒரு குழந்தை. இப்படியே போகுது பட்டியல். அழுகாத உடம்புகளோட தலையை வெட்டி, எரிச்சு, சாம்பலை மொரவா ஆத்துல விட்டாங்க.

படிச்சு முடிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். இவங்கதான் நம்ம காட்டேரிங்க. பங்களா இல்லை, பட்டுச்சட்டை இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியும், பச்ச உடம்புக்காரியும்.

இஞ்சினியரா பார்த்தா அந்த ரிப்போர்ட் அருமையான பக் ரிப்போர்ட்ங்க. கவனிச்சது எல்லாம் சரி. உடம்புக்குள்ள வாயு சேர்ந்தா வயிறு உப்பும், ஒல்லிப் பாட்டி குண்டாத் தெரிவாங்க. அந்த அழுத்தத்துல ரத்தம் கலந்த நீர் வாய் வழியா வரும். மேல்தோல் உரிஞ்சா அடியில புதுசு மாதிரி தெரியும். முளை அடிச்சா வாயு வெளியேறி முனகல் சத்தம் கேக்கும். பால் பார்பர்ங்கிற ஆய்வாளர் 1988ல ஒரு புத்தகமே எழுதி இதையெல்லாம் விளக்கியிருக்கார். பார்த்தது நிஜம். ரூட் காஸ் மட்டும் தப்பு. ஊர்ல ஏதோ நோய் பரவியிருக்கு, பழியை முதல்ல செத்தவன் தலையில போட்டுட்டாங்க.

சரி, ஓநாய்க்கு வருவோம். ஐரோப்பாவுல ஓநாய் மனுஷன்னு சொல்லி உசிரோட இருந்தவங்களையே கொன்னிருக்காங்க. ஆனா லிவோனியாவுல (இப்போ லாட்வியா பக்கம்) 1691ல தீஸ்னு 80 வயசு தாண்டின ஒரு கிழவர் கோர்ட்ல நின்னு, 'ஆமா, நான் ஓநாய்தான்'னு தானே சொல்றார். ஆனா நாங்க கடவுளோட நாய்ங்க, சூனியக்காரங்க திருடிக்கிட்டுப் போன விளைச்சலை நரகத்துக்குள்ள போய் மீட்டுக்கிட்டு வர்றோம்ங்கிறார். கோர்ட்டுக்கு ஒண்ணும் புரியலை. மறு வருஷம் கசையடியும் ஊர்விலக்கும் தீர்ப்பாச்சு. காவல்கார ஓநாய் நாவல்காரங்க கற்பனைன்னு நினைச்சேன். இந்தக் கிழவர் முந்திக்கிட்டார். ஆனா அவர் காவல் காத்தது ஊரோட சோத்தை, எந்தப் பங்களாவையும் இல்லை.

அப்போ பங்களா எப்போ வந்துச்சு? 1819ல. கவிஞர் பைரனுக்கு டாக்டரா இருந்த பாலிடோரி 'தி வாம்பயர்'னு ஒரு கதை எழுதினார். அது பைரன் பேர்லயே பத்திரிகையில வந்தது வேற கொடுமை. அதுல காட்டேரி ஒரு பிரபு. குடியானவன் போய் கோமான் வந்தாச்சு. 1897ல பிராம் ஸ்டோக்கரோட டிராகுலா ஓநாய்களை ஏவுற கோமகன். சூரிய ஒளி பட்டா செத்துடுவாங்கங்கிறது 1922ல வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்துல சேர்த்த சங்கதி, ஸ்டோக்கரோட டிராகுலா பகல்லயும் நடமாடுவார். பகல்ல வெளியே வரக்கூடாதுன்னா பகல் காவலுக்கு ஆள் வேணும் இல்லையா? 2003ல வந்த 'அண்டர்வேர்ல்ட்' படத்துல அந்த வேலை ஓநாய்களுக்கு, அதுவும் அடிமைகளா. நான் படிச்ச நாவலும் இந்த வழியில வந்ததுதான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துச்சுன்னு சொல்லிடறேன். ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க சர்வர் படுத்துடுச்சு. காலையில மீட்டிங் போட்டுக் கண்டுபிடிச்ச காரணம்: மூணு மாசம் முன்னாடி வேலையை விட்டுப் போன ஒருத்தர் எழுதின கோட். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, தப்பு நான் மாத்தின ஒரு வரியில. சத்தமில்லாம சரி பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. போனவர் பேர் கெட்டது கெட்டதுதான். இப்பவும் ஏதாவது உடைஞ்சா "அவர் எழுதினதா இருக்கும்"னு சிரிக்கிறாங்க. திரும்பி வந்து பதில் சொல்ல முடியாதவன் மேல பழி போடறது எவ்வளவு சுலபம் பாருங்க.

1755ல ரோசினா பொலாகின்னு ஒரு பொண்ணோட உடம்பைத் தோண்டி எரிச்ச சேதி மகாராணி மரியா தெரேசா காதுக்குப் போச்சு. அவங்க டாக்டர் வான் ஸ்வீட்டன் விசாரிச்சு, காட்டேரியும் இல்லை ஒண்ணும் இல்லை, எல்லாத்துக்கும் இயற்கையான காரணம் இருக்குன்னு எழுதினார். அதோட, கல்லறைகளை இஷ்டத்துக்குத் தோண்டறதுக்கு ராணி தடை போட்டாங்க. செத்தவங்களுக்காகப் பேச கடைசியில ஒரு ஆள் வந்தார்.

எங்க ஆபீஸ்ல அந்த ஆள் நான்தான் ஆகணும். அவருக்கும் டீமுக்கும் சேர்த்து ஒரு மெயில் பாக்கி இருக்கு. இதை முடிச்சுட்டு அதை எழுதணும்.

டிஸ்கி: நாவலைத் திருப்பிக் குடுத்தப்போ தோழி "யாரைப் புடிச்சுது?"ன்னு கேட்டா. செருப்பு கேட்டு வந்தவரைன்னேன். முறைச்சுட்டுப் போயிட்டா.