பஞ்ச காலத்து எலும்புகள்

இலங்கையின் ஊவாப் பகுதியில் உள்ள பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் மூத்தவர்கள் 1973, 1974 பஞ்சத்தை இன்றும் மறக்கவில்லை. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, அரசாங்கம் அரிசிப் பங்கீட்டைக் குறைத்தது. கிராமத்தாருக்கு வயலோ, காடு வெட்டிப் பயிரிடும் சேனையோ கொஞ்சமாவது கைகொடுத்தது. லயம் எனும் வரிசை வீட்டுக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாத்தி நிலமும் இல்லை. நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில்தான் அப்போது சாவு அதிகம். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. ஆகவே மலையகப் பெண்களின் எலும்புத் தேய்வுக்கு வயதையும் மாதவிடாய் நின்றதையும் மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. அவர்கள் எதைத் தின்று வளர்ந்தார்கள் என்ற வரலாறும் அந்த எலும்புக்குள் இருக்கிறது.

எலும்பின் வலுவில் பெரும்பங்கு பூப்பெய்தும் வயதையொட்டிய சில ஆண்டுகளில் சேர்ந்துவிடும், முப்பதுக்குள் உச்சத்தைத் தொடும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இழப்பு வேகமெடுக்கும். இளமையில் சேர்ந்தது குறைவென்றால் முறிவும் முந்திக்கொள்ளும். தோட்டப் பெண்களின் முன்னோராகக் கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டின் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர்கள் கேழ்வரகும் கம்பும் விளையும் வறண்ட பூமிக்காரர்கள். தோட்டத்திலோ அரிசியைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, தீட்டிய அரிசியில் பத்துச் சொச்சம்தான். ஊவாச் சேனைகளில் குரக்கன் என்ற பெயரில் அதே கேழ்வரகு விளைந்துகொண்டிருந்தபோதே பக்கத்து லயங்களில் அது அன்றாடச் சாப்பாடாக இல்லை. 1942இல் பர்மா அரிசி நின்றுபோக, கோதுமை மா வந்தது. ரொட்டி, சம்பல், வெறுந்தேத்தண்ணி என்ற சாப்பாடு அப்படியே நிலைத்தது. சாப்பாட்டுக்கு வழியான கூலியிலும் பாகுபாடு இருந்தது: 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகவே கூலி தந்தது. அந்த வித்தியாசம் நீங்க 1984 வரை பொறுக்க வேண்டியிருந்தது. கொழுந்தெடுத்துத் தோட்டத்தைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதை நினைத்தால், இதை வெறும் கணக்கு வித்தியாசமாக என்னால் பார்க்க முடியவில்லை.

மலையேறிச் சுமை தூக்குகிறவர்களுக்கு எலும்பு உரமாகத்தானே இருக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடியக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நின்று, பிறகு செங்குத்தான மலையில், கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்ட கூடையோடு நாள் முழுக்க ஏறி இறங்கும் உடம்பு அது. உழைப்பு எலும்பை வளர்க்கும் என்பதும் உண்மை. ஆனால் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் போதாத இடத்தில் உழைப்பு மட்டும் எதைக் கொண்டு வளர்க்கும்? அதோடு, முதுகெலும்பு முறிவு பல வேளைகளில் தெரியாமலே நடந்துவிடும். கூடை சுமந்த முதுகு கூனினால் அது வேலையின் அடையாளமென்று வீட்டாரும் ஏற்றுக்கொள்கிறார்கள், மருந்தகத்தில் வலி மாத்திரையோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவி அதன் கன அளவைப் பார்ப்பதில்லை, பரப்பளவுக்கு எவ்வளவு தாது என்றே கணக்கிடுகிறது. ஆகவே சிறு எலும்புக்காரர்களுக்கு அளவு குறைவாகக் காட்டும். உலக சுகாதார நிறுவனம் எலும்புத் தேய்வுக்கு 1994இல் வகுத்த மைனஸ் 2.5 என்ற எல்லையைக் கட்டை உருவமான தோட்டப் பெண்ணுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கட்டை உருவமே பல குடும்பங்களில் சிறுவயதுப் பட்டினியின் விளைவு. அளவைத் திருத்திப் படிக்கலாம், பரிசோதனையே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

எல்லோரையும் டெக்ஸாவுக்கு அனுப்ப முடியாதென்பதும் தெரிந்ததே. எலும்புத் தேய்வின் ஆபத்தை மதிப்பிட 2001இல் வெளியான ஓஸ்டா கணக்குக்கு எடையும் வயதும் போதும்: கிலோ எடையிலிருந்து வயதைக் கழித்து ஐந்தால் வகுக்க வேண்டும். 62 வயது, 40 கிலோ என்றால் மைனஸ் 4.4. மைனஸ் நான்குக்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். அது எட்டு ஆசிய நாடுகளின் பெண்களை வைத்து உருவானது, அவற்றில் இலங்கை இல்லை. ஆகவே அதை நோய்க்கான தீர்ப்பாகக் கொள்ளாமல், முதலில் யாரை டெக்ஸாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யவே பயன்படுத்த வேண்டும். தோட்டச் சுகாதார வரலாற்றில் 1872இன் மருத்துவத் தேவைகள் சட்டமும், 1916இல் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பும் உழைக்கும் உடம்பைக் கவனித்தன, பிறகு வந்த மருத்துவிச்சிகள் பிள்ளை பெறும் உடம்பைக் கவனித்தார்கள். பிள்ளைப்பேறு முடிந்து, வேலையாள் பதிவேடான செக்ரோலிலிருந்தும் பேர் எடுக்கப்பட்ட பெண் இந்த இரண்டிலும் சேர மாட்டார். கர்ப்பிணிகளை நிறுக்கும் அதே தராசில் அவரையும் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றி நிறுத்தால், 1974இன் பிள்ளைகளில் இடுப்பெலும்பு முறியும் முன்பே சிலரையாவது கண்டுபிடித்துவிடலாம்.