ஆளுக்கு 25 ஷில்லிங்: பிரிட்டனின் வேலைவாய்ப்பு வரியும் கடைச் சிப்பந்திகளும் – ரெட்டவேயின் முடிவு குறித்து ஒரு மறுவாசிப்பு

பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜேம்ஸ் கலஹன் 1966 மே மாத வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த ‘செலக்டிவ் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ்’ அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்த வரி சில்லறைக் கடைகளை என்ன செய்தது என்ற கேள்விக்கு, கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் டபிள்யூ.பி. ரெட்டவே 1970இல் வெளியிட்ட முதல் அறிக்கையே இன்றும் தொடக்கப் புள்ளி. கடை ஊழியர் ஒருவருக்கான விற்பனை அளவு பழைய போக்கு காட்டியதைவிடக் கூடுதலாக உயர்ந்தது; வரிச்சுமை முழுவதும் விலையில் ஏறவில்லை; ஆகவே வரி கடைகளைச் சிக்கனமாக ஆள் வைக்கச் செய்தது என்பது அவருடைய முடிவின் சாரம். அவர் கண்ட உயர்வை நான் மறுக்கவில்லை. அந்த உயர்வில் பெரும்பங்கை வரியின் கணக்கில் எழுதியதைத்தான் ஏற்க முடியவில்லை.

வரிக்குப் பின்னால் இருந்தவர் நிக்கோலஸ் கால்டோர். 1956இல் இந்தியாவுக்கு வந்து அவர் எழுதிய வரிச் சீர்திருத்த அறிக்கையும், அதையொட்டி டி.டி. கிருஷ்ணமாச்சாரி கொண்டுவந்த செல்வ வரியும் செலவு வரியும், இலங்கை எடுத்துக்கொண்ட செலவு வரியும் நம் வாசகர்களுக்குத் தெரிந்தவை. பிரிட்டனின் வளர்ச்சி மந்தமாக இருப்பதற்குத் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதாததே காரணம் என்று அவர் அப்போது கருதினார். சேவைத் துறையில் வேலைக்கு ஆள் வைப்பதன் செலவைக் கூட்டினால் ஆட்கள் ஆலைப் பக்கம் நகர்வார்கள் என்பது எதிர்பார்ப்பு.

வரி கட்டப்பட்ட விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தேசியக் காப்பீட்டு அட்டையில் முதலாளி வாரந்தோறும் ஒட்டும் ஸ்டாம்பின் விலையோடு இது சேர்க்கப்பட்டது. ஆணுக்கு 25 ஷில்லிங், பெண்ணுக்கும் சிறுவனுக்கும் 12 ஷில்லிங் 6 பென்ஸ், சிறுமிக்கு 8 ஷில்லிங். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தொகை மாறாது. வாரம் 10 பவுன் வாங்கும் விற்பனைப் பெண்ணுக்கு இது சம்பளத்தில் 6.25 விழுக்காடு, 5 பவுன் வாங்குபவளுக்கு 12.5 விழுக்காடு. குறைந்த கூலிக்காரியை வைத்துக்கொள்வதே முதலாளிக்குக் கூடுதல் பாரமாயிற்று. பகுதிநேரப் பணியாளருக்குப் பாதியைத் திருப்பித் தரும் சலுகை பிறகுதான் வந்தது. கணவனும் மனைவியும் ஆளில்லாமல் நடத்திய மூலைக்கடையோ இந்த வரியே கட்டவில்லை. சுமை எங்கே எப்படி விழுந்தது என்பதைச் சொல்லாமல் ‘உற்பத்தித்திறன்’ என்ற ஒற்றை விகிதத்தைக் காட்டினால், கவுன்டருக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். எனக்கு அது சிறிய குறையாகத் தெரியவில்லை.

ரெட்டவேயின் முறை எளிது. வரிக்கு முந்தைய ஆண்டுகளில் விற்பனைக்கும் ஊழியர் எண்ணிக்கைக்கும் இருந்த உறவை முன்னோக்கி நீட்டினார். உண்மையில் நடந்தது அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்தார். விலகலில் வேறு காரணங்களுக்கும் பங்குண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தராசு வரியின் பக்கமே தாழ்ந்தது. 1971இல் ஜான் விட்லியும் ஜி.டி.என். வொர்ஸ்விக்கும் ‘நேஷனல் இன்ஸ்டிட்யூட் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் இதை எதிர்த்தார்கள். ரெட்டவே அதே இதழில் பதிலளித்தார். தயாரிப்பாளர்களே கடை விலையைக் கட்டி வைக்கும் வழக்கத்தை எட்வர்ட் ஹீத் கொண்டுவந்த 1964ஆம் ஆண்டுச் சட்டம் உடைத்ததை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பது எதிர்ப்பின் மையம். நான் அவர்கள் பக்கம். ஆனால் அவர்கள் இந்தக் காரணத்தை ஒரே அலையாகப் பார்த்தார்கள். கட்டுவிலை எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் அவிழவில்லை.

மளிகையில் அது சட்டத்துக்கு முன்பே பெரும்பாலும் சிதைந்துவிட்டது. மிட்டாய், சாக்லேட் வகைகளுக்கு விலக்குக் கேட்ட வழக்கில் 1967இல் தயாரிப்பாளர்கள் தோற்றார்கள். காலணிக்கு 1968இல் அதே கதி. புத்தகத்துக்கும், 1970ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி மருந்துகளுக்கும், கட்டுவிலை நீடித்தது. வரியோ எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் தொடங்கியது. ஆக, ஒரு காரணம் ஒரே தேதியில், மற்றது வணிகத்துக்கு வணிகம் வெவ்வேறு தேதியில். உயர்வு வரியால் வந்ததென்றால் புத்தகக் கடையிலும் மருந்துக் கடையிலும் அது தெரிந்திருக்க வேண்டும். கட்டுவிலை அவிழ்ந்ததால் வந்ததென்றால் இவை பின்தங்கியிருக்க வேண்டும். எல்லாக் கடைகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது இந்தச் சோதனை கைநழுவிப் போகிறது.

விலை பற்றிய முடிவில் எனக்கு இன்னும் ஐயம் அதிகம். 1966 ஜூலை 20 அன்று வில்சன் அரசு விலைக்கும் கூலிக்கும் உறைவு அறிவித்தது. வரி தொடங்கியது அதற்கு ஏழு வாரத்துக்குள். விலையை ஏற்றக் கூடாதென்று அரசு அழுத்திய மாதங்களில் வரி விலையில் முழுதாக ஏறவில்லை என்பது கடைக்காரரின் இயல்பைப் பற்றி எதைச் சொல்லும்? 1967 நவம்பரில் பவுனின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் இறக்குமதிச் செலவும் வரியும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

அதிகம் பேசப்படாத சட்ட வாசகம் ஒன்றும் இங்கே உண்டு. திரும்பக் கொடுப்பனவுகளுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைகளுக்கு 25 ஷில்லிங்கைத் திருப்பித் தந்ததோடு, ஆண் ஒருவருக்கு மேலும் 7 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தது. ஆனால் தகுதி ஊழியருக்கல்ல, ‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’ எனப்பட்ட பணியிடத்துக்கு. அங்கே வேலை செய்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அலுவலகம், விற்பனை, போக்குவரத்து போன்றவை அல்லாத வேலையில் இருக்க வேண்டும். பின்கட்டில் தைத்து முன்கட்டில் விற்கும் இடம் ஒன்றில் 9 ஆண்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 பேர் தைத்தால் ஒன்பது பேருக்கும் 32 ஷில்லிங் 6 பென்ஸ் திரும்ப வரும். அந்த ஐவரில் ஒருவர் முன்கட்டுக்கு வந்தால் எதுவும் வராது. ஓர் ஆளின் நகர்வுக்கு வாரம் 14 பவுன் 12 ஷில்லிங் 6 பென்ஸ் வித்தியாசம்! இப்படியொரு கோடு கிழிக்கப்பட்டால் ஆட்கள் காகிதத்திலாவது இடம் மாறாமல் இருப்பார்களா? கடை ஊழியர் எண்ணிக்கையில் கண்ட குறைவில் ஒரு பகுதி இந்த இடமாற்றமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நேரடிச் சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எந்த இடம் எந்த வகை என்ற தகராறுகள் தொழில் தீர்ப்பாயங்களிலிருந்து பிரபுக்கள் சபை வரை போனதே, இந்தக் கோடு எவ்வளவு பணம் பெறும் கோடு என்பதற்குச் சாட்சி.

வரி 1968 செப்டம்பரில் 37 ஷில்லிங் 6 பென்ஸாகவும், 1969இல் 48 ஷில்லிங்காகவும் ஏறியது. பிறகு 1971 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி, நிதியமைச்சர் அந்தோணி பார்பர் அந்த ஆண்டு ஜூலையில் இதைப் பாதியாக்கினார். 1973 ஏப்ரலில் 10 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வந்தபோது ஆள்வரி ஒழிந்தது. வரி போனதும் கடைகள் கூடையைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு கவுன்டர் ஆளை அழைக்கவில்லை, வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் சுயசேவை நிலைத்தது. இதை வைத்து ரெட்டவே தவறென்று சொல்லிவிட முடியாது, ஒருமுறை மாற்றியமைத்த கடை அப்படியே நின்றிருக்கவும் கூடும். ஆனால் சுயசேவை 1940களிலேயே கூட்டுறவுக் கடைகளில் தொடங்கி, வரிக்கு முன்பே பரவி வந்தது. அதன் வேகத்தைக் கூட்டியதற்கு மேல் வரி என்ன செய்தது என்று காட்டும் பொறுப்பு அவர் பக்கத்தாருக்கே உரியது.

பங்குகளைப் பிரித்துக் காட்ட எந்த வணிகம் உதவும்? காலணி உதவாது, தீர்ப்பும் வரி உயர்வும் ஒரே 1968இல் விழுந்தன. மளிகையில் கட்டுவிலை அவிழ்ந்த காலத்தையே உறுதியாகக் குறிக்க இயலாது. மிட்டாய்க் கடை மட்டும் மிஞ்சுகிறது. அங்கே 1966 செப்டம்பரில் வரி, 1967இல் தீர்ப்பு, 1968 செப்டம்பரில் வரி உயர்வு என மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. ஆனால் சில்லறை வணிகக் கணக்கெடுப்புகளோ 1961, 1966, 1971 ஆகிய ஆண்டுகளுக்கே நடந்தன. இந்த இரண்டு ஆண்டுகள் அவற்றின் இடைவெளியில் விழுகின்றன.