எலிக்குப் பயந்து பிறந்த பட்டாடை

யூதர்களின் வேதச்சுருளுக்குப் பட்டாடை வந்த கதையை எலியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இது என் கற்பனையல்ல, யூதர்களின் சட்டவிளக்க நூலான தல்மூத்தே சொல்லும் காரணம்.

அந்தக் காலத்தில் விளைச்சலில் ஒரு பங்கைக் குருமாருக்கென்று எடுத்துவைப்பார்கள். அந்தப் பங்கு புனிதம். வேதமான தோராவின் சுருளும் புனிதம். இரண்டும் புனிதம்தானே என்று ஜனங்கள் தானியத்தைச் சுருளுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். தானியத்தைத் தேடி வந்த எலி, தோலில் எழுதியிருந்த வேதத்தையும் சேர்த்துக் கொறித்தது. பெரியவர்கள் யோசித்து ஒரு விதி போட்டார்கள்: சுருள் பட்டால் அந்தத் தானியம் தீட்டு, குருமார் தின்னக் கூடாது. சுருளைத் தொட்ட கையும் தீட்டு. அதற்குப் பிறகு யார் பக்கத்தில் வைப்பார்கள்?

புனித நூலைத் தொட்டால் தீட்டு என்பது எதிர்த்தரப்புக்கு நல்ல வேடிக்கையாகப் போயிற்று. ஹோமரின் நூலைத் தொட்டால் தீட்டில்லை, வேதத்தைத் தொட்டால் தீட்டா என்று சதுசேயர்கள் என்ற அந்தத் தரப்பார் கேலி செய்தார்கள். ரபி யோகனான் பென் ஸக்காய் கொடுத்த பதில் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் இருக்கிறது. கழுதையின் எலும்புக்குத் தீட்டில்லை, பிரதான குருவின் எலும்புக்கு உண்டு. பெற்றவர்களின் எலும்பை எடுத்து யாரும் கரண்டி செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. எதன்மேல் பிரியம் அதிகமோ அதற்குத் தீட்டும் அதிகம் என்று முடித்தார். இந்த விஷயத்தில் இதைவிடக் கூர்மையாக யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. தொடாதே என்ற கட்டளைக்குப் பின்னால் இருந்தது வெறுப்பல்ல, பிரியம்.

3-ஆம் நூற்றாண்டில் இன்னொரு யோகனானான ரபி ஒருவரின் பெயரால் வந்த வாக்கு இன்னும் கடுமை. தோராவை வெறுமையாக, துணியில்லாமல் கையில் பிடித்தவன் வெறுமையாகவே புதைக்கப்படுவான். ஆக, சுருளுக்குத் துணி வேண்டும் என்றாகிவிட்டது. என்ன துணி என்று பயம் சொல்லவில்லை. அழுக்குச் சாக்கைச் சுற்றினாலும் கை படாது, விதியும் மீறப்படாது. ஆனால் சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவிலேயே உருவங்கள் போட்ட சுருள்துணிகள் பற்றிப் பேச்சு வந்துவிடுகிறது. தல்மூத் இன்னும் ஒருபடி மேலே போகிறது. நல்ல மை, நல்ல எழுதுகோல், கைதேர்ந்த எழுத்தர், சுற்றுவதற்கு அழகான பட்டு. கடவுளை அழகுபடுத்துவது என்றால் இதுதான் என்கிறது. பட்டாடை பிறந்த இடம் இது. துணியைக் கட்டாயமாக்கியது பயம். பட்டைத் தேர்ந்தெடுத்தது அன்பு.

தொடாத கைக்கும் ஒரு வழி பிறந்தது. வாசிப்பவர் வரி தவறாமல் இருக்க, ஆள்காட்டி விரலை நீட்டிய வெள்ளிக் கை ஒன்றைச் செய்துகொண்டார்கள். முத்தமும் நேராகத் தோலில் விழாது. சுருள் கூட்டத்துக்கு நடுவே வரும்போது தொழுகைப் போர்வையின் நுனியால் அதன் ஆடையைத் தொட்டு, அந்த நுனியை முத்தமிடுவார்கள். உள்ளே இருப்பது 304,805 எழுத்துகள், எல்லாம் கையால் எழுதியவை. ஓர் எழுத்து குறைந்தாலும் திருத்தும்வரை சபையில் வாசிக்கக் கூடாது. சுருள் கைதவறிக் கீழே விழுந்தால் பட்டினி இருக்கும் வழக்கமும் உண்டு.

துணிக்கு இவர்கள் கொடுத்த இடத்தைப் பாருங்கள். ஊர்ச் சதுக்கத்தை விற்றால் அந்தப் பணத்தில் தொழுகைக் கூடம் வாங்கலாம். கூடத்தை விற்றால் சுருள்களை வைக்கும் பேழை, பேழையை விற்றால் சுருள்துணி, துணியை விற்றால் நூல்கள், நூல்களை விற்றால் தோரா. தலைகீழாகச் செய்யக் கூடாது. மிஷ்னா போட்ட இந்தப் படிவரிசையில் கட்டடத்தையும் பேழையையும்விட உயரத்தில் இருப்பது ஒரு துணி.

தென்னேரியில் உட்கார்ந்து இதை எழுதும்போது காஞ்சிபுரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. குழித்தறியில் கால் வைத்துக் கோர்வை போட்டு நெய்தவனும் கருவறைக்குள் போய்த் தன் கையால் சாமிக்குப் பட்டு சாத்த முடியாது. தொடுவது அர்ச்சகர்தான். ஆனால் அம்மனுக்குச் சாத்திய புடவையைப் பிறகு கோயில்களில் ஏலத்தில் எடுக்கலாம், வீட்டுக்குக் கொண்டுவரலாம், பெண்ணுக்குக் கட்டிவிடலாம். நம் பட்டு மேலே போய்க் கீழே இறங்கி வரும். அவர்களுடைய பட்டு ஏறினால் ஏறியதுதான். கந்தலான பிறகும் வீட்டுக்குத் திரும்பாது. எடுத்துப் போட ஆளில்லாமல் இறந்தவருக்கு அதைச் சவத்துணியாக்கலாம் என்று தல்மூத் அனுமதிக்கிறது. அந்த ஒரு வரியை விதித்தவர் யாரானாலும் பெரிய மனுஷர்.

இத்தனை விதிகளுக்கும் அடியில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. உபாகமத்தின் 6-ஆம் அதிகாரத்திலேயே கடவுளிடம் அன்பு கூர வேண்டும் என்றும், அவருக்குப் பயப்பட வேண்டும் என்றும் அடுத்தடுத்து வருகிறது. ஒரே ஆளிடம் இரண்டையும் எப்படி வைப்பது? 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதிஸ் இதற்கு ஒரு வரிசை சொன்னார். படைப்பின் விரிவை ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். உடனே பிரியம் பொங்குகிறது, அறிய வேண்டும் என்று தவிக்கிறான். அதே எண்ணம் நீளும்போது தான் எவ்வளவு சின்னவன் என்று உறைக்கிறது, பின்வாங்குகிறான். அன்பு முன்னே போகிறது, பயம் இழுத்து நிறுத்துகிறது. பின்னால் வந்த பக்தி இயக்கத்தாரான ஹசீதியர்கள் இவற்றைப் பறவையின் இரு சிறகுகள் என்றார்கள். 1796-ல் அச்சான அவர்களுடைய 'தன்யா' என்ற நூல் இதை விரிவாகவே பேசுகிறது.

மைமோனிதிஸுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு துயரமான சம்பந்தம் உண்டு. இந்தியாவுக்கு வியாபாரத்துக்குக் கப்பல் ஏறிய அவருடைய தம்பி தாவீது கடலில் மூழ்கிப் போனார். அந்தத் துக்கத்தில் ஓராண்டு படுக்கையில் கிடந்ததாக மைமோனிதிஸே எழுதியிருக்கிறார். ஆனால் இந்திய யூதர்கள்மேல் அவருக்குப் பெரிய மதிப்பில்லை. ஓய்வுநாளும் விருத்தசேதனமும் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு கடிதத்தில் முடித்துவிட்டார். அவர் காலத்துப் பயணியான துதேலாவின் பெஞ்சமினோ, கொல்லத்து யூதர்கள் மோசேயின் வேதமும் தீர்க்கதரிசிகளும் அறிந்தவர்கள், தல்மூத்தும் கொஞ்சம் தெரியும் என்று எழுதினார். இந்த விஷயத்தில் என் ஓட்டு பெஞ்சமினுக்கு.

பட்டு உடுத்திய சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுவது எப்போது வந்தது? பாபிலோனிய வழக்கப்படி தோராவை ஓராண்டில் வாசித்து முடிப்பார்கள். பழைய பாலஸ்தீன வழக்கத்தில் 3 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எகிப்தின் புஸ்தாத்தில் இரண்டு வழக்கத்தாருக்கும் தனித்தனிக் கூடங்கள் இருந்ததையும், வாசித்து முடிக்கும் 'தோரா மகிழ்ச்சி' நாளில் அவர்கள் ஒன்றாகக் கூடியதையும் பெஞ்சமின் குறித்துவைத்திருக்கிறார். சிம்காத் தோரா என்ற அந்த நாளில் ஒரு சிக்கல். பண்டிகை நாளில் கைதட்டக் கூடாது, ஆடக் கூடாது என்று மிஷ்னா தடுத்திருக்கிறது. பாபிலோனின் மதத்தலைவர் ஹாய் காவோன் (இறப்பு 1038) அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஆட அனுமதி கொடுத்தார். அவர் காட்டிய காரணம் மகிழ்ச்சியல்ல, தோராவின் மரியாதை! ஆனந்தக் கூத்து மரியாதையின் அனுமதிச் சீட்டோடுதான் உள்ளே வந்தது. சுருள்களோடு ஏழு சுற்று வரும் முறை 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கலிலேயாவின் சபேத் நகரிலிருந்து பரவியது.

அந்தக் கொண்டாட்டம் கொச்சிக்கு வந்து சேர்ந்தபோது நமக்குத் தெரிந்த முகம் ஒன்று அதற்கு வாய்த்தது. சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, முரசு என்று அரச மரியாதைகளை அது வரிசையாகச் சொல்கிறது. அப்படி மரியாதை கண்ட சமூகத்தில் வேதச்சுருள் ராஜாவாக இருந்ததில் ஆச்சரியமில்லை. 1568-ல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுருள்கள் வெள்ளித் தகடு போர்த்திய மரக்கூட்டில் நின்றபடி இருக்கும், மேலே கிரீடம். 1805-ல் திருவிதாங்கூர் மகாராஜா கொடுத்த பொற்கிரீடமும் அங்கே உண்டு.

ராஜாக்கள் கொடுத்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். பெண்கள் கொடுத்தது பற்றிப் பேச்சு குறைவு. கொச்சியில் பெண்கள் பண்டிகைக்கு உடுத்திய சரிகை முண்டு பேழையின் திரைச்சீலையாக மாறியிருக்கிறது. துருக்கியில் கல்யாணப் பெண்ணின் தங்க வேலைப்பாட்டு உடை இப்படியே ஜெப ஆலயத்துக்குப் போயிற்று. சுருளை எடுத்து வாசிக்கும் உரிமை இல்லாத பெண், தன் உடம்பில் உடுத்திய பட்டைச் சுருளுக்கு முன்னால் தொங்கவிட்டாள். படிவரிசைச் சட்டத்தின்படி அந்தத் துணி இனி இறங்காது. இதைச் சாமர்த்தியம் என்றும் சொல்லலாம், காதல் என்றும் சொல்லலாம்.

சிம்காத் தோராவுக்குக் கொச்சி யூதர்கள் செய்ததை ஆய்வாளர்கள் நாதன் கட்ஸும் எல்லன் கோல்ட்பர்க்கும் 1993-ல் வெளிவந்த தங்கள் நூலில் விவரித்திருக்கிறார்கள். சுருள்களை நிரந்தரப் பேழையிலிருந்து எடுத்துத் தற்காலிகமாக அமைத்த பேழையில் எல்லோரும் பார்க்க வைப்பார்கள். பிற்பகலில் வெளியே கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றி வருவார்கள். முடிந்ததும் அந்தப் பேழையைப் பிரித்துவிடுவார்கள். வேறெங்கும் யூதர்களிடம் இப்படி இல்லை என்பதும், கோயில் உற்சவத்தின் சாயல் இது என்பதும் அவர்கள் கணிப்பு. உற்சவர் வீதிக்கு வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூலவரிடம் காட்டும் பயத்தை உற்சவரிடம் காட்டாத ஊர்க்காரர்கள் நாம்.

1948-க்குப் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கடவும்பாகம் ஜெப ஆலயம் ஒன்றின் உள்கூடம் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-ல் தம் 96-ஆம் வயதில் காலமானார். மரபுப்படி தோராவைச் சபையில் வாசிக்க வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். உள்ளூரில் இன்று அத்தனை பேர் இல்லை, வெளியூர் யூதர்கள் வந்து சேர்ந்தால்தான் உண்டு.

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் தரையிலுள்ள சீனத்து ஓடுகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று போகாதீர்கள். மற்ற நாளில் போனால் தலையை நிமிர்த்திப் பேழையின் முன்னால் தொங்கும் துணியையும் ஒரு நிமிடம் பாருங்கள். பட்டு தெரிந்த ஊர்க்காரர்கள் நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது?