திண்ணை இழந்த தெருக்கள்

பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல். பட்டினம், பாக்கம் ஆகிய இரண்டையும் கடற்கரை ஊர்களுக்கு உரிய பெயர்களாகவே நம் முன்னோர் வைத்தனர். இன்றோ நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், வில்லிவாக்கம் எனச் சென்னையின் எத்திசையிலும் இச்சொல் ஒலிக்கின்றது. கடலுக்கு நெடுந்தொலைவில், மவுண்ட்–பூந்தமல்லிச் சாலையில் அமைந்த நம் காட்டுப்பாக்கத்தையும் அது விடவில்லை. காட்டுக்குப் பாக்கம் எவ்வாறு வந்தது என்று மாணவர் கேட்பதுண்டு. நெய்தல் எல்லையைக் கடந்து ‘ஊர்’ என்னும் பொதுப்பொருளுக்கு அச்சொல் விரிந்துவிட்டது என்பதே விடை.

ஆனால் நெருக்கமான நகரின் உட்பகுதியையும் அச்சொல் ஒருகாலத்தில் குறித்தது. புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக்கிக் காட்டுகின்றது சிலப்பதிகாரம். இரண்டிற்கும் இடையில் நாளங்காடி. மருவூர்ப்பாக்கத்தில் சுண்ணம் விற்போர், பூ விற்போர், கூலம் குவிப்போர், கம்மியர், குயவர், பட்டு நூலால் நெய்வோர், மொழி வேறுபட்ட அயல்நாட்டார் எனப் பலரும் கலந்து உறைந்தனர். பட்டினப்பாக்கத்திலோ அரச வீதியும் பெருங்குடி வணிகரின் மாட வீதியும் தனித்தனியே விளங்கின. காவியத்தின் தலைமக்கள் பிறந்தது மாட வீதியிலெனினும், இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கத்துக் கடைகளை ஒவ்வொன்றாக நின்று நோக்கியே செல்கின்றார். துறவு பூண்டவர் என மரபு கூறும் ஒருவர்க்குச் சந்தை இரைச்சலில் இத்துணை ஈடுபாடு இருந்தமை என்னைப் பலகாலும் வியக்கவைத்ததுண்டு.

மருவூர்ப்பாக்கம் எப்படி இருந்திருக்கும் என்று இன்று காண விரும்புவோர் பூம்புகார் செல்வதில் பயனில்லை. அங்கே கடல்தான் இருக்கின்றது. சென்னை சௌகார்பேட்டைக்கும் முத்தியால்பேட்டைக்கும் செல்லலாம்.

அப்பகுதியின் தோற்றத்தில் நம் பூந்தமல்லிக்கும் ஒரு பங்குண்டு. 1639-இல் கிழக்கிந்தியக் கும்பினியாருக்குக் கடற்கரை நிலத்தை வழங்கியவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் தங்கி இக்கரைப் பகுதியை மேற்பார்த்து வந்தார். அவர்தம் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரே சென்னப்பட்டணம் ஆயிற்று. ஆகவே புறநகர் என்று இன்று நாம் கூறிக்கொள்ளும் பூந்தமல்லி, சென்னை பிறக்கும்போதே ஆட்சியிருக்கையாய் இருந்த மூதூர்.

கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்தில், நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் குடியேறினர். வெள்ளையர் அதனைக் கறுப்பர் பட்டணம் என்றனர். அங்கே அமைதி நிலவியதென்று எண்ணிவிடலாகாது. வலங்கை, இடங்கைச் சாதியினரிடையே மூண்ட பூசல் 1707-ஐ ஒட்டி முற்றியபோது, ஆளுநர் தாமஸ் பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையினர்க்கும் முத்தியால்பேட்டையை இடங்கையினர்க்கும் ஒதுக்கினார்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டைக்கு மிக அருகே இருந்த வீடுகள் பாதுகாப்புக்கு இடையூறு எனக் கருதி இடிக்கப்பட்டன. 1749-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மீண்டது. மீண்டவர்கள் எஞ்சியதைக் காத்தார்களா? இல்லை. சில ஆண்டுகளில் அவர்களே மிச்சத்தையும் தரைமட்டமாக்கினர். பகைவன் மறைந்து நிற்க வீடுகள் இருத்தலாகாது என்பது படைத்தலைவர்களின் கணக்கு. வீட்டுக்குரியவனுக்கு இடித்தவர் யார் என்பதில் என்ன வேறுபாடு? வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க 1773-இல் நாட்டிய தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்றும் உள்ளது. அதற்கு அப்பால் வீடு கட்டலாம், இப்பால் கட்டலாகாது.

மக்கள் வடக்கே நகர்ந்தனர். தெய்வங்களையும் உடன்கொண்டு சென்றனர். இடிபட்ட பட்டணக் கோயில், மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் தேவராச முதலித் தெருவருகே சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் என்னும் இரட்டைக் கோயில்களாக மீண்டும் எழுந்தது. பெத்தநாயக்கன்பேட்டையும் முத்தியால்பேட்டையும் சேர்ந்து புதிய கறுப்பர் பட்டணம் ஆயின. ஐதர் அலியின் குதிரைப்படை வந்து அச்சுறுத்தியபின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழும்பிற்று. மதிற்செலவை ஊராரிடமே வரியாகத் தண்டக் கருதினர், ஊரார் இசையவில்லை. வரி தண்டப்படாமலே போயிற்று. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நிலைத்தது. கட்டாத வரிக்கு இத்தகைய நினைவுச்சின்னம் வேறெங்கும் உண்டோ, அறியேன்.

மதிலுக்குள் வாழ்வு நெருங்கியது. தெருவைப் பார்த்த முகப்பு குறுகலாகவும், உள்நோக்கி நீண்டும் வீடுகள் அமைந்தன. அண்டை வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் சுவர் ஒன்றே. வெளிச்சமும் காற்றும் நடுமுற்றத்தின் வழியே இறங்கவேண்டும். முன்னே திண்ணை, பின்னே கிணறு. ஒவ்வொரு தெருவும் ஒரு தொழிலைப் பற்றிக்கொண்டது. பவளக்காரத் தெரு பவள வணிகரையும், அரண்மனைக்காரத் தெரு என நாவில் திரிந்த ஆர்மீனியன் தெரு ஆர்மீனியரையும் நினைவூட்டுகின்றன. கும்பினியின் துணியை வெளுத்தோர் வாழ்ந்த தெரு, நாணயச்சாலை வந்தபின் தங்கசாலைத் தெருவாயிற்று. அச்சாலையின் கட்டடங்களோ பின்னர் அரசு அச்சகத்துக்குச் சென்றன. கறுப்பர் பட்டணம் என்ற இழிபெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் என மாறியது. பெயரில் மன்னர் வந்தார்; சாக்கடை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஏழுகிணறுப் பகுதியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தேன். 1772-இல் பேக்கர் என்னும் பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி, அங்குள்ள கிணறுகளின் நீர் கோட்டைக்குச் சென்றது. புழல் ஏரி நீர் நகருக்கு வரத்தொடங்கியது 1872-இல்தான். நான் குடியிருந்த காலத்தில், ஏழு கிணறு என்று பெயர் பூண்ட அவ்விடத்து அடிகுழாயில் பல நாள் காற்றுதான் வந்தது. ஆறு குடித்தனங்களுக்கு ஒரு முற்றம், ஒரு கழிப்பறை. வைகறை நான்கு மணிக்குக் கொத்தவால் சாவடியில் சரக்கு இறங்கும் ஓசை எழும். கொத்துமல்லி மணமும் அழுகிய முட்டைக்கோசு நாற்றமும் ஒருங்கே வீசும். பக்கத்து அறையில் குழந்தை இருமினால் மிளகுக் கஷாயம் நம் அடுப்பிலிருந்தும் போகும். அதனைப் போற்றி எழுதுவோர் உளர், நானும் போற்றுகின்றேன். ஆயின் தனித்து அழவும் ஓரிடம் இல்லாத பெண்களின் வாழ்வு அது என்பதையும், படிக்கும் பிள்ளைகள் தெருவிளக்கை நாடினர் என்பதையும் உடன் எழுதவேண்டும்.

அருகிலேயே வீராசாமிப் பிள்ளைத் தெருவில், இராமலிங்க வள்ளலார் தம் இளமை தொட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இல்லம். அவர் பாடி வழிபட்ட கந்தகோட்டம் நடக்கும் தொலைவுதான். உயிர்க்கொலையும் புலைப்புசிப்பும் மறுத்த அப்பெருமகன் கருணையைக் கற்றது கானகத்தில் அன்று, இந்தச் சந்தடியில்.

சௌகார் என்றால் பெருவணிகர், வட்டிக்குக் கொடுப்போர். வடபுலத்து வணிகர் பெருகப் பெருக அப்பெயர் பேட்டைக்குப் படிந்தது. குசராத்தியரும் மார்வாரிகளும் இங்கு வேரூன்றினர். அவருள் சைனர் பலர். இத்துணை நெருக்கத்தில், பொருள் மிக்க பின்னும் ஏன் தங்கினர் என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. வணிகம் ஒரு விடை. மற்றொரு விடை சிலப்பதிகாரத்திலேயே உண்டு. மதுரைப் புறத்தே ஆயர்பாடியில் கோவலனும் கண்ணகியும் தங்கியபோது, மாதரி அவர்களைச் சாவக நோன்பியர் என்று உணர்ந்து, பகற்பொழுதிலேயே உணவு சமைக்கப் புதுக்கலங்கள் தருவிக்கின்றாள். இரவு உண்ணாமை இல்லறத்தார்க்கும் உரிய நோன்பு. விளக்கு வைக்குமுன் வீடு சேர்ந்து உண்ணவேண்டியவன், கடைக்கும் வீட்டுக்கும் இடையே ஒன்றரை மணிநேரப் பயணத்தை வைத்துக்கொள்ள இயலாது. துறவியரோ ஊர்தி ஏறார், வெறுங்காலால் நடப்பர், மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தே தங்குவர். அவர்க்கு உணவு அளிக்க அருகருகே இல்லங்கள் வேண்டும். கோயிலும் கடையும் அடுக்களையும் நடையளவில் அமைந்த ஒரு பேட்டை அந்த அறத்துக்குத் தேவைப்பட்டது.

தமிழ்ச் சமணராகிய நம் வரலாறு சற்று வேறு. நாம் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்து உழவூர்களிலிருந்து படிப்புக்கும் பணிக்கும் சென்னை வந்தவர்கள். நமக்கெனப் பேட்டை அமையவில்லை; வாடகை எங்கே குறைவோ அங்கே சென்றோம். அதனால் தெருவுக்கொரு குடும்பமாய்ச் சிதறினோம். இம்மலரைக் கையில் ஏந்தி ஆண்டுக்கு ஓரிரு முறை கூடுவதே நமக்கு வாய்த்த தெரு.

ஜார்ஜ் டவுன் ஒருமுறை பெருமளவு வெறிச்சோடியதுண்டு. 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் சப்பானியக் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்ளூர்களுக்கு விரைந்தனர். அச்சம் நீங்கியதும் மீண்டு வந்தனர். இப்போது நிகழும் வெளியேற்றம் வேறுவகை. 1996-இல் கொத்தவால் சாவடிக் காய்கனிச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது. இடம் வாய்த்தால் தெருவில் மக்கள் மூச்சுவிடுவர் என எதிர்பார்த்தனர். நடந்தது அன்று. குடியிருந்த வீடுகள் கிடங்குகளாயின. ஒரு குடும்பம் தரும் வாடகையினும் மூட்டைகள் தரும் வாடகை மிகுதி. மூட்டை தண்ணீரும் கேட்பதில்லை. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், தேவராச முதலித் தெருவில் கண்ணாடி என்று வணிகம் பகலில் நெரிகின்றது; இரவு ஒன்பதுக்குமேல் சில தெருக்களில் விளக்கெரியும் சன்னல்களை எண்ணிவிடலாம். திண்ணைகள் இடித்துக் கடைக்குள் சேர்க்கப்பட்டன. திண்ணை போனபின், வெயிலில் சுமை இறக்கியவன் அமர இடமில்லை. மாலையில் கிழவர்கள் கூடவும் இடமில்லை.

வெளியேறியோர் அண்ணாநகர், வேப்பேரி என்றும், இன்னும் மேற்கே போரூர், காட்டுப்பாக்கம் என்றும் வருகின்றனர். இங்கே காற்று உண்டு. பிள்ளைக்குத் தனியறை உண்டு. அடுத்த வீட்டார் பெயர் பல நாள் தெரிவதில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி நோக்கி அமையும் மெட்ரோ வழித்தடத்தில் காட்டுப்பாக்கத்துக்கும் ஒரு நிலையம் உண்டு. கடைக்குச் சென்று திரும்பும் நேரம் அதனால் குறையலாம். துறவியர்க்கு அதனால் பயனில்லை. அவர்கள் சௌகார்பேட்டையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நடந்தே வரவேண்டும். வழியில் ஓரிரவு தங்க ஓர் இல்லம் வேண்டும்.