ஏரிக்குள்ள ஒரு நகர்: தி.நகர் பிறந்த கதை

வாடகைக்கு வீடு தேடின எல்லாருக்கும் இந்த டயலாக் பழக்கம்: “ஸ்டேஷன் நடக்கிற தூரம், பார்க் பக்கத்துலயே, கடைகண்ணிக்கு அலையவே வேணாம்.” சென்னையில இதுக்குக் கச்சிதமாப் பொருந்துற ஏரியா தி.நகர். ஆனா அந்த வசதிகள் தானா வந்து சேரலை. நூறு வருஷத்துக்கு முன்னாடி மேப் போட்டுத் திட்டமிட்டதுல இருந்து வந்தது. மேப் போட்ட இடம் ஒரு ஏரி.

ஆங்கிலேயர் காலத்து வரைபடங்கள்ல அதுக்குப் பேர் ‘லாங் டேங்க்’. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்துல ஆரம்பிச்சு சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் பிறை மாதிரி வளைஞ்சு கிடந்த ஏரி. அதுக்கு மேற்கே மாம்பலம். அப்போ அது செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்த ஒரு கிராமம்.

1920-கள்ல பழைய நகரம் நிரம்பி வழிஞ்சது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் எல்லாம் நெரிசல். வேலை தேடி வந்தவங்களுக்கு வீடு வேணும். 1920-ல நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆட்சியில நீதிக்கட்சி. 1923 வாக்குல ஏரியோட ஒரு பகுதியை வடிச்சு, மனைகளாப் பிரிக்க ஆரம்பிச்சாங்க.

அந்தத் திட்டத்தைப் பாருங்க. நடுவுல ஒரு பூங்கா. அதைச் சுத்தி நாலா பக்கமும் கிளம்புற அகலமான ரோடுகள். ரோட்டுக்கு ரோடு கிரவுண்ட் கணக்குல மனைகள். ஒரு கிரவுண்டுன்னா 2,400 சதுர அடி. முன்னாடி திண்ணையும் பக்கத்து வீட்டோட ஒட்டின சுவரும்தான் பழைய மயிலாப்பூர் வீடு. இங்கே காம்பவுண்டு, தோட்டம், நாலு பக்கமும் காத்து வர்ற தனி வீடு. வீட்டோட வடிவம் மாறினப்போ குடும்பம் வாழ்ற விதமும் சேர்ந்து மாறிச்சு.

பேர்களையும் கவனிங்க. நகருக்குப் பேர் நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியார். பூங்காவுக்கு முதலமைச்சரா இருந்த பனகல் ராஜா. நடேசன் பார்க், டாக்டர் நாயர் ரோடு, உஸ்மான் ரோடு எல்லாமே அந்தக் கட்சிக்காரங்க பேர்தான். ஒரு கட்சியோட வரலாற்றை நீங்க நடந்தே படிச்சுடலாம்.

1931-ல பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது. மாம்பலத்துல ஏறினா ஆபீஸுக்குப் போயிடலாம். புறநகர்ங்கிற வார்த்தைக்கே அப்பதான் அர்த்தம் வந்தது. ஆனா அதே ஸ்டேஷன்தான் வெளியூர்க் கூட்டத்தையும் ரங்கநாதன் தெருவுக்குக் கொண்டுவந்தது. குடியிருக்கத் திட்டமிட்ட இடம், துணியும் நகையும் வாங்குற இடமா மாறிச்சு. 2023-ல ஸ்டேஷனையும் பஸ் ஸ்டாண்டையும் இணைச்சு ஸ்கைவாக் கட்ட வேண்டிய அளவுக்குக் கூட்டம்.

சரி, ஏரி எங்கே போச்சு? பேர்ல இருக்கு. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு, வியூ இல்லை. நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியா இருக்கு, டேங்க் பண்ட் ரோடு இருக்கு. வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரி இருந்த இடத்துலதான் நிக்குது.

தண்ணிக்கு மட்டும் பழைய மேப் மறக்கலை. தாழ்வான இடம்கிறதாலதான் அங்கே ஏரி இருந்தது. மேல வீடு கட்டினதால தரை உயர்ந்துடலை. மழைத் தண்ணி மாம்பலம் கால்வாய் வழியா அடையாறுக்குப் போகணும். கால்வாய் அடைச்சுக்கிட்டாலோ, ஆத்துலயே வெள்ளம் ஏறினாலோ, தண்ணி தெருவிலேயே நிக்கும். 2021 நவம்பர்ல தி.நகர் தெருக்கள் குளமா நின்னதை நீங்களே பாத்திருப்பீங்க.

அன்னிக்கு அதைத் திட்டமிட்டவங்களை வில்லன் ஆக்கிட முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் காத்தோட்டமான வீடும், பார்க்கும், பள்ளிக்கூடமும் அதனால கிடைச்சது. ஆனா அந்த ஏரி வாங்கி வெச்சுக்கிட்ட மழையை இனி எங்கே அனுப்புறதுன்னு கேட்காம விட்டதுக்கு, பேரப்பிள்ளைங்க இப்போ மோட்டார் வெச்சு பதில் சொல்றாங்க. நாமளும் வேளச்சேரியிலயும் பள்ளிக்கரணையிலயும் அதையேதான் திரும்பப் பண்ணோம்.

அடுத்த தடவை வீடு பாக்கப் போறப்போ ஸ்டேஷன் எவ்வளவு தூரம்னு கேளுங்க. கூடவே தெருப் பேரையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அதுல ஏரி, குளம், தாங்கல்னு ஏதாவது வந்தா, போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்ததுன்னு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட விசாரிச்சுட்டு அட்வான்ஸ் குடுங்க.